பிள்ளைகள் எடுத்த பிரிட்டிஷ் படங்கள்: தொலைந்த விதமும் மீட்கும் விதமும்

1920களின் பின்பாதியில், மான்செஸ்டருக்குத் தெற்கே இருக்கும் ஆல்ட்ரிங்கம் என்ற ஊரின் ஆண்கள் பள்ளியில் மௌனப் படங்கள் தயாராயின. முதலில் வந்தவை பண்டைக்கால மனிதரின் வாழ்க்கையைக் காட்டும் பாடப்படங்கள். 1929-இல் வந்த ‘தி க்ளிட்டரிங் சோர்ட்’ வேறு ரகம்: இடைக்கால வேடங்களோடு, ஆயுதங்களைக் கைவிடுவதைப் பற்றிய ஒரு நீதிக்கதை. நடித்தவர்கள் பள்ளிப் பையன்கள். முன்னின்று நடத்தியவர் அங்கே ஆசிரியராக இருந்த ரொனால்ட் கௌ. 1934-இல் ‘லவ் ஆன் தி டோல்’ நாடகம் அவரை நாடறியச் செய்தது. அந்தப் பழைய பள்ளிப் படங்கள் இன்றும் பேசப்படுவதற்கு, நாடகாசிரியரான அவருடைய பெயரே பெரிய காரணம்.

பிள்ளைகள் கைபட்ட பிரிட்டிஷ் படங்களில் நமக்குத் தெரிந்தவை அநேகமாக இப்படித்தான் தெரியவந்தன. பிபிசியின் ‘ஸ்க்ரீன் டெஸ்ட்’ நிகழ்ச்சி 1970 முதல் 1984 வரை ஓடியது. அதில் இளம் படைப்பாளிகளுக்கான போட்டியும் உண்டு. 1980-இல் பரிசு வாங்கிய யான் பின்காவா பிற்பாடு பிக்ஸாரில் ஆஸ்கர் வாங்கியதால் அந்தச் சிறுவயதுப் படம் வாழ்க்கைக் குறிப்புகளில் இடம்பிடித்தது. பிரஸ்டன் ஊரின் நிக் பார்க் பதின்வயதில் எடுத்த அசைவுப்படம் 1975-இல் பிபிசியில் வந்தது. அவரும் ஆஸ்கர் வாங்கியதால் நமக்கு அது தெரியும். அதே போட்டிகளுக்குப் படம் அனுப்பிவிட்டு, பிறகு செவிலியராகவும் தச்சராகவும் போனவர்களின் சுருள்கள் எங்கே?

எல்லாமே கெட்டு அழிந்துவிடவில்லை. பல அலமாரியிலும் பரணிலும் நல்ல நிலையிலேயே கிடக்கின்றன. தம்மை இன்னதென்று சொல்லும் துணைப்பொருளிலிருந்து அவை பிரிந்துபோயிருக்கின்றன: டப்பா மூடி, தபால் உறை, ஒலி நாடா, கையால் எழுதிய ஒரு துண்டுத்தாள். ஆகவே இந்த ஆய்வு ஸ்கேனரில் தொடங்காமல் அந்தத் துணைப்பொருள்களிலிருந்தே தொடங்குகிறது.

எதைத் தேடுகிறோம்?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். 1951-இல் தொடங்கிய சில்ட்ரன்ஸ் ஃபிலிம் ஃபவுண்டேஷன், பிள்ளைகளுக்காகப் பெரியவர்கள் எடுத்த படங்களின் நிறுவனம். சனிக்கிழமைக் காலைக் காட்சிகளில் ஓடியவை அவை. 1981-இல் காலின் ஃபின்போ தொடங்கிய சில்ட்ரன்ஸ் ஃபிலிம் யூனிட்டில் கேமரா, ஒலி, உடை எல்லாவற்றிலும் பிள்ளைகளே வேலை செய்தார்கள். முழுநீளப் படங்கள் எடுத்தார்கள், சேனல் 4 அவற்றை ஒளிபரப்பியது. பெயர்கள் ஒன்றுபோல இருப்பதால் பட்டியல்களில் ஒன்றின் படம் மற்றதன் கீழ் போய்விடும். தேடும்போது இரண்டு பெயரையும் போட்டுப் பார்ப்பது நல்லது.

எல்லைக்கோட்டில் நிற்கும் படங்களும் உண்டு. எடின்பரோவின் நார்ட்டன் பார்க் பள்ளியில் 1951-இல் வந்த ‘தி சிங்கிங் ஸ்ட்ரீட்’ முழுக்கப் பிள்ளைகளின் தெருவிளையாட்டும் பாட்டும்தான். கேமரா ஆசிரியர்கள் கையில் இருந்தது. அது பிள்ளைகளின் படமா, பிள்ளைகளைப் பற்றிய படமா? பாட்டையும் ஆட்டத்தையும் கொடுத்தவர்கள் பிள்ளைகள். சட்டகத்தைத் தேர்ந்தவர்கள் பெரியவர்கள். இத்தகைய படத்தை ஒரே கூடையில் போட்டுவிடாமல், எந்த வேலையை யார் செய்தார் என்று தனித்தனியாகப் பட்டியலில் எழுத வேண்டும். கதை, நடிப்பு, கேமரா, வெட்டி ஒட்டுதல், தலைப்பு எழுத்து, ஒலி என ஆறு வரி போதும். ‘இயக்கம்: ஆசிரியர்’ என்று ஒற்றை வரியில் முடித்த பழைய பட்டியல்களாலும் பல படங்கள் கண்ணிலிருந்து மறைந்தன.

பள்ளிகளில் படமெடுக்கும் அலை எப்போது எழுந்தது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். தேட வேண்டிய ஆண்டுகளை அது குறுக்கித் தரும். 1963-இல் வந்த நியூசம் அறிக்கை, சராசரி மாணவர்களுக்கு சினிமாவும் தொலைக்காட்சியும் பாடமாக வேண்டும் என்றது. 1965-இல் சி.எஸ்.இ. என்ற பள்ளி இறுதித் தேர்வு வந்தது, அதன் ‘மூன்றாம் முறை’யில் பள்ளியே பாடத்திட்டம் வகுத்துக்கொள்ளலாம். அதே 1965-இல் கோடாக், சூப்பர் 8 என்ற 8 மி.மீ. பிலிமைக் கேசட்டில் விற்கத் தொடங்கியது: பிலிமை நூல்கோக்க வேண்டாம், கேமராவுக்குள் சொருகினால் போதும். 1972-இல் பள்ளியை விடும் வயது 16 ஆனது; இன்னும் ஒரு வருடம் உட்கார வேண்டிய, தேர்வில் நாட்டமில்லாத பிள்ளைகளுக்கு என்ன கற்பிப்பது என்று பள்ளிகள் திண்டாடின. படமெடுப்பது கைகொடுத்தது. எனவே 1965-க்கும் 1980-க்கும் இடைப்பட்ட பள்ளி அலமாரிகளே செழிப்பான இடம்.

காகிதத்தில் தேடுதல்

சுருளை விசாரிக்கும் முன் சுருளைப் பற்றி எழுதப்பட்டதைத் தேடினால் வேலை பாதியாகும். 1934 முதல் வந்த ‘அமெச்சூர் சினி வேர்ல்ட்’, அதற்குப் பின் வந்த ‘மூவி மேக்கர்’ ஆகிய இதழ்கள் போட்டி முடிவுகளை வெளியிட்டன. ‘டென் பெஸ்ட்’ போட்டியின் பட்டியல்களில் பள்ளிக் குழுக்களும் தட்டுப்படும். 1933-இல் கிளாஸ்கோவில் தொடங்கிய ஸ்காட்டிஷ் அமெச்சூர் திரைப்பட விழாவின் நிகழ்ச்சித்தாள்கள் இன்னொரு வழி. ஆசிரியர்களின் பக்கத்தில், திரைப்படம் கற்பித்தவர்கள் 1950-இல் தொடங்கி பின்னர் எஸ்.இ.எஃப்.டி. என்று பெயர் மாறிய சங்கம் நடத்திய ‘ஸ்க்ரீன் எஜுகேஷன்’ இதழ் இருக்கிறது. எந்தப் பள்ளியில் எந்த வகுப்பு என்ன எடுத்தது என்ற செய்தியை இவ்வகை இதழில் எதிர்பார்க்கலாம்.

போட்டிகளைப் பற்றி ஒன்று நினைவிருக்கட்டும். ரிவர்ஸல் பிலிமில் எடுத்த படத்துக்கு நெகட்டிவ் கிடையாது. கேமராவில் ஓடிய அதே சுருள்தான் ப்ரொஜெக்டரிலும் ஓடும், தபாலில் போட்டிக்குப் போவதும் அதுதான். போட்டி முடிந்தால் எடுத்தவருக்கே திரும்பும். ஆகவே நடத்திய நிறுவனத்திடம் கேட்டுப் பார்த்து ‘இல்லை’ என்று பதில் வந்தால் படம் அழிந்துவிட்டதென்று முடிவுகட்டக் கூடாது. முகவரி எழுதிய பதிவேடு கிடைத்தால் சுருளே கிடைத்த மாதிரி.

மாவட்டப் பெயர்களில் ஒரு பொறி உண்டு. 1974 ஏப்ரல் 1-இல் இங்கிலாந்தின் கவுண்டி எல்லைகள் மாறின. ஆல்ட்ரிங்கம் அதுவரை செஷையரில் இருந்தது. பிறகு கிரேட்டர் மான்செஸ்டரில் டிராஃபோர்ட் ஆனது. பள்ளியின் காகிதங்கள் பழைய கவுண்டியின் ஆவணக் காப்பகத்தில் கிடக்கும், படச்சுருள் புதிய பகுதியின் திரைப்படக் காப்பகத்துக்குப் போயிருக்கும். லண்டனில் நிலைமை இன்னும் சிக்கல்: உள்லண்டன் கல்வி ஆணையம் 1990-இல் கலைக்கப்பட்டபோது அதன் மையங்களில் இருந்த பொருள்கள் பல கைகளுக்குப் பிரிந்தன. அங்கே எடுத்த ஒரு படத்தைத் தேடுபவர், ஆணையத்தின் பெயர், அந்தந்த பரோவின் (லண்டனின் உள்ளாட்சிப் பகுதி) பெயர், பள்ளியின் பழைய பெயர் என்று மூன்றிலும் தேட வேண்டும். பள்ளிகள் இணைந்து, எல்லா மாணவரையும் சேர்க்கும் காம்பிரிஹென்சிவ் பள்ளி ஆனபோது பெயர்களும் மாறின.

திரைப்படக் காப்பகங்களில் நேரே கேட்க வேண்டியவை: நாரிச்சில் 1976-இல் தொடங்கிய கிழக்கு ஆங்கிலிய காப்பகம் (அமெச்சூர் படைப்பாளிகள் சங்கமான ஐ.ஏ.சி.யின் தொகுப்பு அங்கேதான்), மான்செஸ்டரில் 1977 முதல் இருக்கும் வடமேற்குக் காப்பகம், கிளாஸ்கோவில் ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் அசைபடக் காப்பகம். ‘சில்ட்ரன்’ என்று தேடினால் ஆயிரக்கணக்கில் பிறந்தநாளும் கடற்கரையும் வந்து விழும். ‘ஸ்கூல் ஃபிலிம் சொசைட்டி’, ‘ஃபிலிம் கிளப்’, ‘ஃபோர்த் ஃபார்ம்’, ‘யூத் கிளப்’, ‘ஸ்கௌட்’ என்று தேடினால் வலை சிறுக்கும், மீன் சிக்கும்.

பெட்டி வந்ததும்

ஒரு பள்ளி மூடப்படுகிறது. அட்டைப்பெட்டி ஒன்று காப்பகத்துக்கு வருகிறது. உள்ளே ஏழெட்டு சிறு ரீல்கள், பெரிய ரீல் ஒன்று, கால் அங்குல ஒலிநாடா, சில காகிதங்கள். முதலில் செய்ய வேண்டியது எதையும் ஒழுங்குபடுத்தாமல் இருப்பது. எது எதன் மேல் இருந்தது, எந்த நாடா எந்த ரீலோடு ரப்பர் வளையத்தில் கட்டப்பட்டிருந்தது என்பதை மேலிருந்து அடுக்கு அடுக்காகப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். டப்பாக்களைச் சுத்தமான புதிய டப்பாவாக மாற்றும் ஆர்வத்தில் பழையதைக் குப்பையில் போட்டால், மூடியில் பென்சிலால் எழுதிய ‘4பி — கொள்ளைக்காரர்கள் — நாடா 2’ என்ற ஒரே சாட்சியும் போய்விடும்.

அடுத்து மூக்கு. புளித்த வினிகர் வாடை வந்தால் பிலிமின் அடித்தளமான அசிடேட் சிதையத் தொடங்கிவிட்டது. அந்த ரீலை உடனே மற்றவற்றிலிருந்து பிரிக்க வேண்டும். வெளியேறும் அமிலம் பக்கத்து ரீலையும் கெடுக்கும். நிறம் மாறும் ஏ-டி தாள்துண்டை டப்பாவுக்குள் வைத்தால் நீலம், பச்சை, மஞ்சள் என்ற வரிசையில் சிதைவின் அளவு தெரியும். பச்சையைத் தாண்டியதைக் காத்திருப்பு வரிசையில் வைக்காமல் முதலில் ஸ்கேன் செய்ய வேண்டும். தீப்பற்றும் நைட்ரேட் பயம் இங்கே அநேகமாக வேண்டாம், 8, 9.5, 16 மி.மீ. அமெச்சூர் பிலிம்கள் பாதுகாப்புப் பிலிமாகவே விற்கப்பட்டன. 35 மி.மீ. துண்டு இருந்தால் மட்டும் கவனம்.

மூன்றாவது, சுருக்கம். 16 மி.மீ. பிலிமில் புதிதாக இருக்கும்போது 100 துளைகளின் நீளம் 762 மி.மீ.; சூப்பர் 8-க்கு முந்தைய 8 மி.மீ. வகையான ஸ்டாண்டர்ட் 8-இல் 381; சூப்பர் 8-இல் சுமார் 423. ஒளிமேசை மேல் தளர்வாக விரித்து, இழுக்காமல் அளக்க வேண்டும். 16 மி.மீ.-இல் 754 வந்தால் ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல் சுருங்கியிருக்கிறது. அதைப் ப்ரொஜெக்டரில் போட்டால் பல்சக்கரம் துளைகளைக் கிழிக்கும். பல்சக்கரம் இல்லாத ஸ்கேனர்தான் வழி. பழைய மாணவர் ஒருவர் ஆசையாக வீட்டு ப்ரொஜெக்டரில் ‘ஒரு தடவை’ ஓட்டிப் பார்ப்பதால் வரும் சேதம், நாற்பது வருடம் பரணில் கிடந்ததால் வந்த சேதத்தைவிட அதிகமாக இருக்கும்.

ஒட்டுகளில் பிள்ளைகளின் கைவேலை அப்பட்டமாகத் தெரியும். பிலிம் சிமெண்டால் ஒட்டியவை காய்ந்து, லேசாக வளைத்தால் விடுபடும். சாதாரண செல்லோடேப் ஒட்டியவை மஞ்சளாகி, பசை பிதுங்கி அடுத்த சுற்றோடு ஒட்டிக்கொண்டிருக்கும். பசையை எடுக்க 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சுக்குச்சியில் தொட்டு, முதலில் லீடரின் (படத்துக்கு முன் ஒட்டியிருக்கும் வெற்றுப் பிலிம்) ஓரத்தில் சோதித்துவிட்டுத் துடைக்கலாம். ஓரத்தில் பழுப்பு நிறக் காந்தப்பட்டை இருந்தால் அதன் மேல் படக் கூடாது. ஒலி அதில்தான் இருக்கிறது. புதிதாக ஒட்டும்போது ஃபியூஜியின் சிங்கிள்-8 பிலிம் பாலியெஸ்டர் என்பதை மறந்தால் சிமெண்ட் பிடிக்காது. அதற்கு நாடா ஒட்டு மட்டுமே. ஒட்டு விடுபட்ட இடத்தில் துண்டுகள் தலைகீழாகவோ இடவலம் மாறியோ இருந்தால், அதுவும் பிள்ளைகள் செய்ததாக இருக்கலாம். முதல் ஸ்கேன் முடியும்வரை திருத்தக் கூடாது.

துடைக்கவே கூடாத ஒரு வகை இருக்கிறது. வெற்று லீடரிலோ கறுப்பு லீடரிலோ ஊசியால் கீறியும், ஃபெல்ட் பேனாவால் வரைந்தும் கேமரா இல்லாமல் எடுத்த படங்கள் பள்ளிகளில் பிரபலம். பிலிம் வாங்கக் காசில்லாத வகுப்புக்கு ஏற்ற வேலை. ஆல்கஹால் பட்டால் அந்த மை கரைந்து போகும். பிலிமைத் திரவத்தில் நனைத்துக் கீறல்களை மறைக்கும் ஈரவாயில் ஸ்கேனரில் போட்டால் படத்தையே மறைத்துவிடும். ஸ்கேன் ஆன பின்னும் ஆபத்து தீராது: தூசி-கீறல் நீக்கும் மென்பொருள், ஒரே ஃபிரேமில் மட்டும் வரும் புள்ளியைக் குப்பை என்று நினைத்து அழிக்கும். அந்தப் புள்ளி ஒரு பத்து வயதுப் பிள்ளை போட்ட நட்சத்திரம். இத்தகைய ரீலைக் காற்றூதி மட்டுமே சுத்தம் செய்து, துளைகள் உட்பட முழு அகலத்தையும் ஸ்கேன் செய்ய வேண்டும். வரைந்த கோடு ஃபிரேம் எல்லைகளை மதிப்பதில்லை.

ஆண்டைக் கண்டுபிடித்தல்

கோடாக்கின் வண்ணப் பிலிமான கோடக்ரோமின் விலையிலேயே கழுவும் செலவும் அடங்கியிருந்தது. எடுத்து முடித்ததை மஞ்சள் உறையில் போட்டு ஹெமல் ஹெம்ஸ்டெட் கூடத்துக்கு அனுப்பினால் கழுவித் தபாலில் திரும்பி வந்தது. அந்த உறை அல்லது டப்பா கிடைத்தால் தபால் முத்திரையில் மாதமும் வருடமும் இருக்கும். இதைவிட நல்ல சாட்சி அபூர்வம். அது இல்லாதபோது 16 மி.மீ. பிலிமின் ஓரத்தில் வட்டம், சதுரம், முக்கோணம் என்று கோடாக் அச்சிட்ட குறிகளைப் பார்க்கலாம். அவை பிலிம் தயாரான ஆண்டைச் சொல்லும், எடுத்த ஆண்டைச் சொல்லாது. தவிர, 20 வருடத்துக்கு ஒருமுறை அதே குறி திரும்ப வரும்.

படத்துக்குள் வரும் கார்களும் உதவும். பிரிட்டிஷ் எண்பலகையின் கடைசி எழுத்து 1963-இல் ஏ-யில் தொடங்கியது. 1967 முதல் ஆகஸ்டில் மாறியது. ஹெச் என்றால் 1969 ஆகஸ்ட் முதல் 1970 ஜூலை வரை. கே என்றால் 1971 ஆகஸ்ட் முதல் 1972 ஜூலை வரை. பள்ளி வாசலில் கே-எழுத்துக் கார் நின்றால், படம் 1971 ஆகஸ்டுக்கு முன் எடுத்ததாக இருக்க முடியாது; எவ்வளவு பின்னால் என்பதை அது சொல்லாது. கடைச் சன்னலில் ஷில்லிங் விலை தெரிந்தால், பிரிட்டன் தசம நாணயத்துக்கு மாறிய 1971 பிப்ரவரி 15-க்கு முன், அல்லது அதை ஒட்டி. இரண்டும் ஒரே ரீலில் வந்தால் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம்: பள்ளிப் படங்கள் இரண்டு மூன்று கல்வியாண்டு இழுத்தடித்து முடிவது சகஜம், நடுவில் நாயகனின் குரலும் உயரமும் மாறியிருக்கும்.

நிறத்தை வைத்து வயது சொல்வதில் ஏமாறுபவர்கள் அதிகம். விளையாட்டு மைதானக் காட்சி முழுக்க நீலமாக இருந்தால் சாயம் மங்கிவிட்டது என்று எழுதிவிடுகிறார்கள். சூப்பர் 8 கோடக்ரோம் 40, மின்விளக்கு வெளிச்சத்துக்குச் சமன் செய்த பிலிம். வெயிலில் எடுக்கும்போது கேமராவுக்குள் இருக்கும் ஆரஞ்சு வடிகட்டி குறுக்கே வர வேண்டும். உள்ளே எடுத்துவிட்டு அதைத் திரும்பப் போட மறந்தால் வெளிக்காட்சி நீலமாகும். கோடக்ரோம் இருட்டில் வைத்தால் அவ்வளவு எளிதில் மங்காது. மங்கி மெஜந்தா ஆவது வேறு வகைப் பிலிம்கள். ஒரே ரீலில் நீலமும் சரியான நிறமும் மாறி மாறி வந்தால் மறதிதான் காரணம்.

கேமரா யார் கையில்?

லென்ஸ் இருந்த உயரம் முதல் துப்பு. நிற்கும் பெரியவரின் முகத்தைக் கீழிருந்து பார்க்கும் காட்சிகள் தொடர்ந்து வந்தால் பிடித்தவர் குட்டை. ஆசிரியரே சட்டகத்துக்குள் வந்து கையசைத்து ‘நிறுத்து’ என்கிறார் என்றால் சந்தேகமே வேண்டாம். சாவி கொடுக்கும் கேமராவில் ஸ்பிரிங் தீரும்போது வேகம் குறைந்து, காட்சியின் முடிவு வெளுத்து, அசைவு வேகமாகத் தெரியும். அனுபவசாலி ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன் சாவி கொடுப்பார், பிள்ளைகள் மறப்பார்கள். ஸ்டாண்டர்ட் 8-இல் 25 அடிச் சுருளை ஒரு பக்கம் ஓட்டி, திருப்பிப் போட்டு, மறுபக்கம் ஓட்ட வேண்டும். கழுவியபின் நீளவாக்கில் பிளந்து ஒட்டினால் 50 அடி. இரண்டு பக்கமும் முடிந்த சுருளை மூன்றாம் முறையும் மாட்டினால், ஏற்கெனவே எடுத்ததன் மேலேயே இன்னொரு காட்சி பதியும். பேய்க்கதையில் இது வேண்டுமென்றே செய்த வித்தையாகவும் இருக்கலாம். பள்ளி விளையாட்டு விழாவின் மேல் கிறிஸ்துமஸ் நாடகம் ஓடினால் விபத்து.

அசைவுப்படங்களில் சட்டகத்தின் ஓரத்தில் ஒரு ஃபிரேமுக்கு மட்டும் விரல் தெரியும். வெளிச்சம் துடிக்கும், சன்னலோரம் வைத்து எடுத்தபோது மேகம் போனது, அல்லது தானியங்கி ஒளிவாயில் கையின் நிழலைக் கண்டு திறந்து மூடியது. இந்தத் துடிப்பை மென்பொருளால் சமன்படுத்திய பிரதியைப் பார்வைக்கு வைக்கலாம். காப்பகப் பிரதியில் தொடக் கூடாது.

வேகமும் ஒலியும்

மிகுந்த சேதம் நடப்பது இங்கேதான். படம் சூப்பர் 8, நீளம் 216 அடி என்று வைத்துக்கொள்வோம். அடிக்கு 72 ஃபிரேம், மொத்தம் 15,552. நொடிக்கு 18 ஃபிரேம் என்றால் 864 நொடி, அதாவது 14 நிமிடம் 24 நொடி. 24 என்றால் 10 நிமிடம் 48 நொடி. ஸ்கேன் செய்பவர் யோசிக்காமல் 24 அல்லது 25-இல் கோப்பை முடித்துக் கொடுத்தால், எல்லாரும் ஓடுகிறார்கள், ‘பழைய படம் இப்படித்தான் இருக்கும்’ என்று பார்ப்பவர்களும் சிரித்துவிட்டுப் போகிறார்கள்.

உடன் வந்த ஒலிநாடா 850 நொடி ஓடுகிறது என்றால் கேள்வி தீர்ந்தது: 15,552-ஐ 850-ஆல் வகுத்தால் 18.3. வீட்டு ப்ரொஜெக்டரின் வேகம் பெல்ட்டையும் மின்னழுத்தத்தையும் பொறுத்து ஆடும். 18 என்று எழுதியிருந்தாலும் சரியாக 18 ஓடாது. ஆகவே நாடாவை ஒட்டுமொத்தமாக நீட்டியோ சுருக்கியோ பொருத்தினால் தொடக்கமும் முடிவும் சேரும், நடுப்பகுதி நழுவும். கதவு சாத்தும் சத்தம், துப்பாக்கி வெடி, பாட்டு தொடங்கும் இடம் என்று ஐந்தாறு முனைகளைக் கண்டுபிடித்து, முனைக்கு முனை பொருத்த வேண்டும். லீடரில் மெழுகுப் பென்சிலால் போட்ட பெருக்கல் குறியும் நாடாவில் கேட்கும் ‘டக்’ ஒலியும்தான் தொடக்கப் புள்ளி. இதனால்தான் லீடரை வெட்டி எறியக் கூடாது.

நாடாவின் வேகமும் எழுதியிருக்காது. நொடிக்கு மூன்றேமுக்கால் அங்குலத்தில் பதிந்ததை ஏழரையில் ஓட்டினால் குரல் ஒரு ஸ்தாயி ஏறும். பெரியவர் குரலானால் உடனே தெரியும்; எட்டு வயதுப் பிள்ளைகளின் கீச்சுக்குரலில் ஏமாந்துபோகலாம். பிரிட்டனின் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பதிவில் அடியில் கேட்கும் ‘ம்ம்’ என்ற இரைச்சலின் மிகத் தாழ்ந்த முனை 50-இல் வந்து உட்கார்ந்தால் வேகம் சரி. ஓட்டும் முன் நாடாச் சுருளைப் பக்கவாட்டில் வெளிச்சத்துக்குக் காட்டிப் பாருங்கள்: ஒளி ஊடுருவினால் அசிடேட், ஊடுருவாவிட்டால் பாலியெஸ்டர். அசிடேட் அறுந்துபோகும், ஆனால் நீளாது. பாலியெஸ்டர் நீளும். 1970களின் சில நாடாக்கள் ஈரம் உறிஞ்சி, ஓட்டும் கருவியின் தலையில் பிசுபிசுக்கும். அவற்றைச் சுமார் 50 டிகிரி வெப்பத்தில் மணிக்கணக்கில் வாட்டி ஒருமுறை பிரதி எடுப்பார்கள். அசிடேட் நாடாவை ஒருபோதும் வாட்டக் கூடாது.

மறுபக்கத்தையும் கேட்க வேண்டும். ஒத்திகை, வசனம் தப்பியவன் சிரிப்பது, ‘இப்போ நீ’ என்று கிசுகிசுக்கும் குரல் எல்லாம் அதில் இருக்கலாம். கிரெடிட்டில் இல்லாத பெயர்கள் கிடைக்கும் இடமும் அதுதான்.

9.5 மி.மீ. படங்களுக்கு ஒரு தனிக்குறிப்பு. 1922-இல் பாத்தே கொண்டுவந்த இந்த அளவில் துளை நடுவில், இரண்டு ஃபிரேம்களுக்கு இடையில் இருக்கும். தலைப்பு அட்டைக்குப் பிலிம் மிச்சம்பிடிக்க ஓரத்தில் ஒரு வெட்டுப் போட்டிருப்பார்கள். அந்த வெட்டு வந்ததும் ப்ரொஜெக்டர் சில நொடி அதே ஃபிரேமில் நிற்கும். ஸ்கேனரில் அந்தத் தலைப்பு கண்ணிமைக்கும் முன் பறந்துவிடும். பார்வைப் பிரதியில் அந்த ஃபிரேமை நீட்டி வைக்க வேண்டும். சிறுவயதில் இந்த அளவில் பழைய மௌனப் படங்களைச் சேகரித்த கெவின் பிரௌன்லோ, 1954 வாக்கில் 9.5 மி.மீ. துண்டுகளிலிருந்துதான் ‘நெப்போலியன்’ என்ற பிரெஞ்சு மௌனப் படத்தின் மீட்பைத் தொடங்கினார்.

கோப்பின் அளவையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஒவ்வொரு ஃபிரேமையும் தனிக் கோப்பாக வைக்கும் டி.பி.எக்ஸ். வடிவில், 2கே, 10-பிட் தரத்தில் ஒரு ஃபிரேம் சுமார் 12.7 மெகாபைட், மேலே சொன்ன 14 நிமிடப் படம் கிட்டத்தட்ட 200 ஜிகாபைட். தரம் இழக்காமல் சுருக்கும் எஃப்.எஃப்.வி.1 வடிவுக்கு மாற்றினால் கணிசமாகக் குறையும். சிறு காப்பகத்துக்கு அதுவே போதும்.

உரிமையும் முகங்களும்

1957 ஜூன் 1-க்கு முன் எடுத்த படத்துக்கு பிரிட்டிஷ் சட்டத்தில் ‘திரைப்படம்’ என்ற தனி உரிமையே இல்லை. நாடகப் படைப்பாகவும் புகைப்படங்களின் தொடராகவும் கொள்ளப்பட்டது. அதன் பிறகு 1994 ஜூலை 1-க்கு முன் எடுத்ததற்கு, எடுப்பதற்கான ஏற்பாடுகளைச் செய்தவரே உரிமையாளர். பள்ளியில் அது யார்? பிலிம் வாங்கியது கல்வி ஆணையம், நேரம் ஒதுக்கியது ஆசிரியர், கதை எழுதியது பதின்மூன்று வயதுப் பிள்ளை. கதைக்குத் தனி உரிமை உண்டு, அது அந்தப் பிள்ளையுடையது. பாதுகாப்புக்காகப் பிரதி எடுக்க இந்தத் தலைவலி தேவையில்லை. 2014 திருத்தத்துக்குப் பின் காப்பகங்கள் தம் நிரந்தரத் தொகுப்பில் உள்ள படங்களையும் பாதுகாப்புக்குப் பிரதி எடுக்கலாம். இணையத்தில் போடுவதுதான் பிரச்சினை. உரிமையாளர் கிடைக்காவிட்டால் பிரிட்டனின் அறிவுசார் சொத்து அலுவலகத்தில் அநாதைப் படைப்பு உரிமம் கேட்கலாம்: விண்ணப்பக் கட்டணம் ஒரு படைப்புக்கு 20 பவுண்ட், 30 படைப்புக்கு 80. உரிமம் பிரிட்டனுக்குள் மட்டும், அதிகபட்சம் ஏழு வருடம். பின்னணியில் ஒரு பிரபலப் பாட்டுத் தட்டு ஓடினால் அதற்கு வேறு அனுமதி; பல படங்கள் இணையத்தில் ஊமையாக இருப்பது இதனால்தான்.

1970-இல் 13 வயதானவர் 1957-இல் பிறந்தவர். இன்று எழுபதை நெருங்குகிறார். இவர்களிடம் பேசும்போது படத்தை முதலில் காட்டாமல் அச்சிட்ட ஃபிரேம்களைக் காட்டுவது நல்லது. படத்தைப் பார்த்துவிட்டால் நினைவும் படமும் கலந்துவிடும். ‘யார் நடித்தது’ என்று கேட்டால் பெயர்கள் கொட்டும். ‘யார் வெட்டி ஒட்டியது, எங்கே உட்கார்ந்து’ என்று கேட்டால்தான் படமெடுத்தவர்கள் வெளிப்படுவார்கள். பெரும்பாலும் முதல் பதில் ‘எல்லாம் சார்தான்’ என்று வரும். விரல் தெரியும் ஃபிரேமைக் காட்டி இன்னொருமுறை கேட்க வேண்டும். அவர்கள் உயிரோடிருப்பவர்கள் என்பதால் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் பொருந்தும். பொதுநலக் காப்பகப் பணிக்கு 2018 சட்டம் சில விலக்குகள் தருகிறது. ஆனாலும் முழுப்பெயரையும் முகத்தையும் சேர்த்து இணையத்தில் போடும் முன் சம்மதம் கேட்பதே நல்ல வழக்கம். ‘குண்டன்’ வேடம் போட்டவர் அறுபது வருடம் கழித்து அதை ரசிப்பார் என்று நாமாக முடிவுசெய்யக் கூடாது.

பிலிமைவிட அவசரமாகக் கவனிக்க வேண்டியது அதற்குப் பின் வந்த நாடாக்கள். 1970களின் அரை அங்குல வீடியோ நாடாவைப் பள்ளிகள் அழித்து அழித்துப் பயன்படுத்தின. பிலிமை அப்படிச் செய்ய முடியாது. அதனால் 1968-இன் ஒரு வகுப்புப் படம் கிடைக்கும் அளவுக்கு 1982-இன் வகுப்புப் படம் கிடைப்பதில்லை. 2001-இல் தொடங்கிய ஃபர்ஸ்ட் லைட் திட்டத்தில் பிள்ளைகள் எடுத்த டிஜிட்டல் படங்கள் மினி டிவி (சிறிய டிஜிட்டல் வீடியோ) நாடாவில் இருக்கக்கூடியவை. அந்த நாடாவில் தவறு வந்தால் கீறல் விழாது. கட்டம் கட்டமாக உடைந்து, பிறகு ஒன்றுமே வராது. ஓட்டும் டெக்குகளின் தலைகள் தேய்ந்துவருகின்றன, புதியவை தயாராவதில்லை. ஒரே பெட்டியில் சூப்பர் 8 ரீலும் மினி டிவி கேசட்டும் இருந்தால், ரீலில் வினிகர் வாடை இல்லாதவரை, கேசட்டை முதலில் எடுங்கள். ஃபயர்வயர் என்ற இணைப்புக் கம்பி வழியாக நாடாவில் உள்ள டிஜிட்டல் தரவை அப்படியே கணினியில் இறக்கி, தேதி-நேரக் குறியையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஷாட் எப்போது எடுத்தது என்பது, கேமராவில் கடிகாரத்தைச் சரியாக வைத்திருந்தால், அதிலேயே இருக்கும்.